வில் செய்ய 'ஓக் கட்டை' என்று விற்பதை வாங்குவதற்கு முன்

மரத்தில் சொந்தமாக முதல் வில் செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வில் செய்வதற்கான ஓக் கட்டை, நன்றாகக் காய்ந்தது, முடிச்சே கிடையாது" என்று ஆறடி நீளத்தில் பாலிஷ் போட்டு இணையத்தில் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். கூரியரோடு சேர்த்து மூவாயிரத்துக்கு மேல் கொடுத்தேன். வந்தது ஓக் மரமே இல்லை, ஏற்காட்டிலும் வால்பாறையிலும் எஸ்டேட்டுகளில் நிழலுக்கு வளர்த்து மிளகுக் கொடி ஏற்றிவிடுகிறார்களே, அந்த சில்வர் ஓக்.

வெளிநாட்டு வில் செய்முறைக் குறிப்புகளில் முதல் வில்லுக்கு ஓக் பலகையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சிவப்பு ஓக் பலகை சாதாரணக் கடையிலேயே காய்ந்த நிலையில் கிடைக்கும், ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடுகிற கோடு, நேராக இருக்கிற பலகையாகப் பொறுக்கி எடுத்தால் புதிதாகச் செய்கிறவர் கையிலும் வில்லாக நிற்கும். அதை வாசித்துவிட்டு இங்கே ஓக் தேடுகிறவர்களைக் குறிவைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நிஜ ஓக்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பலகை அறுத்தால் இரண்டிலும் மேல்பக்கத்தில் பளபளவென்று செதில் செதிலாக ஒரு பூ தெரியும், அதனால் பாலிஷ் போட்ட மேல்பக்கப் படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பெட்டிக்கும் ப்ளைவுட்டுக்கும் நல்ல மரம்தான், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. திரும்பத் திரும்ப வளைந்து நிமிர வேண்டிய வேலைக்கு அதை ஓக் என்று சொல்லி விற்றவர் மேல்தான் கோபம்.

இது என் அக்கா மகனுக்காகச் செய்த வில். இருபத்தைந்து பவுண்டு இழுவை (வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம்) இருந்தால் போதும் என்று வில்லின் இரண்டு கைகளையும், அதாவது நடுப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளை, மெதுவாகச் சீவி, சுவரில் அடித்த கட்டையில் நடுப்பிடியை உட்கார வைத்து, கயிற்றைக் கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுத்துக்கொண்டிருந்தேன். பாதி தூரம்கூட இழுக்கவில்லை, வில்லின் மேல் கை படாரென்று ஒடிந்து ஒரு அடி நீளத் துண்டு எதிர்ச்சுவரில் போய் அடித்தது. அந்தப் பையன் கையில் வைத்து முகத்துக்கு நேராக இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

ஒடிந்த துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து மர வாடிக்குப் போனேன். அங்கிருந்த ஆசாரி துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது குறுக்கே அறுத்த முனையை, ஒரு தடவை பார்த்துவிட்டு, "தம்பி, இது எஸ்டேட் மரம்" என்றார். இழைப்புளி போட்டு அந்தக் காப்பிக் கலர் பூச்சை எடுத்தபோதுதான் மீதியும் வெளியே வந்தது. சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு, அதைத் தோண்டிவிட்டு மரத்தூளையும் பசையையும் கலந்து பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ரேகை நீளவாக்கில் ஓடாமல் சாய்ந்து, ஒரு சாண் நீளத்துக்குள் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஒடிந்ததும் சரியாக அந்தச் சாய்விலேயே. வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கிற பக்கம், அதாவது முதுகு, விரிந்து இழுபடும். நம் பக்கம் அமுங்கும். முதுகில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடினால்தான் அந்த இழுப்பைத் தாங்கும். ரேகை ஓரத்தில் முடிந்துபோன இடத்தில் சிலாம்பு கிளம்பும், அதற்குப் பிறகு வில்லைக் காப்பாற்ற முடியாது. சரியான ஓக்காகவே இருந்திருந்தாலும் இந்த ரேகையோடு அது நின்றிருக்காது.

விற்றவரைக் கூப்பிட்டால், "மரம்னா ஒடியத்தான் சார் செய்யும், நீங்க சீவினது சரியில்ல" என்கிறார். பட்டி வைத்ததைப் படம் எடுத்து அனுப்பினேன், அதற்கு அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்.

ஆகவே பூச்சு அடித்த கட்டை எதையும் வாங்க வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பூச்சு இல்லாத வெறும் மரமாக, நான்கு பக்கமும் ரேகை தெரிகிற மாதிரி படம் கேளுங்கள், கூடவே வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் எடுத்த படமும். சிவப்பு ஓக்கிலும் ஆஷ் என்கிற வெளிநாட்டு மரத்திலும் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். என் கட்டையில் அந்த வரிசையே இல்லை. துண்டு துண்டாகப் பல் வெட்டி ஒட்டிய ரப்பர் மரப் பலகையையும் சிலர் இதற்குத் தள்ளிவிடுகிறார்கள், அது வில்லுக்கு அறவே ஆகாது. காய்ந்தது என்று சொன்னால் நம்பிவிடாமல் வீட்டுத் தராசில் சில நாள் விட்டு விட்டு எடை போடுங்கள், எடை இறங்கிக்கொண்டே போனால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் நம் ஊரில் முதல் வில்லுக்கு ஓக்கைத் தேடவே வேண்டாம். உள்ளே கெட்டியாக இருக்கிற கல்மூங்கில் போதும். நிழலில் நன்றாகக் காயவைத்து, பிளந்து, தோல் பக்கத்தை முதுகாக விட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும். தோலில் கத்தி படக்கூடாது, வெளிப்பக்கக் கணுக்களையும் மட்டமாக்கக்கூடாது, பலமே அங்கேதான் இருக்கிறது. தட்டினால் மாவாகத் தூள் கொட்டுகிற மூங்கிலில் வண்டு இருக்கிறது, எடுக்காதீர்கள். மரத்தில்தான் செய்வேன் என்றால் இறக்குமதி மரம் விற்கும் வாடிகளில் ஆஷ் கேட்டுப் பாருங்கள், கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற மரம். நேரில் போய் முழு நீளமும் ரேகையைக் கண்ணால் தொடர்ந்து பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி காப்பிக் கலர் கட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் அதில் நாண் ஏற்றாமல், நுனியைக் கொஞ்சம் அறுத்து, பூச்சையும் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். நான் சொன்னது போலவே இருந்தால் படத்தையும் பில்லையும் எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.