முருங்கை இலைத்தூள் என்ற பெயரில் சவுண்டல் தூள்: முட்டைக்கோழி வளர்ப்போர் கவனத்திற்கு

சோயாப் புண்ணாக்கின் விலை ஏறியிருந்த சமயத்தில், ஒரு தீவன வியாபாரி எங்கள் பண்ணைக்கு வந்து, புரதம் 27 சதவீதம் என்று அச்சிட்ட பைகளில் முருங்கை இலைத்தூள் விற்றுச் சென்றார். நூறு கிலோ தீவனத்துக்குப் பத்து கிலோ கலந்தால் சோயாவைக் குறைத்துக்கொள்ளலாம், மஞ்சள் கருவும் நல்ல நிறம் எடுக்கும் என்று உறுதி கூறினார்.

நிறம் எடுத்தது உண்மைதான். ஆனால் கோழிகள் தீவனத்தைக் கிளறி ஒதுக்கத் தொடங்கின. முட்டை எண்ணிக்கை நாளுக்கு நாள் சரிந்தது. வியாபாரியிடம் கேட்டதற்கு, எல்லாம் வெயிலால் வந்தது என்று சொல்லிவிட்டார்.

மீதமிருந்த தூளை மாவுச் சல்லடையில் சலித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. முருங்கையின் சிற்றிலை முட்டை வடிவில் வட்டமாக இருக்கும். சல்லடையில் தங்கியவையோ ஒடுங்கி நீண்டு, நுனி கூர்ந்த, சவுண்டல் என்னும் தீவன மரத்தின் இலைகளும், தட்டையான பழுப்பு நிறக் காய்த்தோலின் துணுக்குகளும். ஒரு கைப்பிடித் தூளைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தபோது, அடியில் மணல் படிந்தது. பகுப்பாய்வுக்குக் கொடுத்தபோது, புரதம் பையில் அச்சிட்டதைவிட வெகுவாகக் குறைந்தும், அமிலத்தில் கரையாத சாம்பல், அதாவது மணல், மிகுந்தும் இருந்தது.

சூபாபுல் என்றும் அழைக்கப்படும் சவுண்டல் இலையில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஆடுமாடுகளின் முதல் இரைப்பையில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் வளர வாய்ப்புண்டு. கோழிக்கு அந்த இரைப்பையே கிடையாது என்பதால், அளவு மீறினால் தீவனம் எடுப்பதும் முட்டையிடுவதும் குறைந்துவிடும். கருவுக்கு நிறம் தரும் சாந்தோஃபில் நிறமிகள் முருங்கையைப் போலவே சவுண்டலிலும் நிறைய இருப்பதால், கரு சிவந்ததை வைத்துத் தூள் நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கலப்படமில்லாத முருங்கைத் தூளாக இருந்தாலும் பத்து சதவீதம் அதிகமே. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம்தான் எடுக்கும். அதில் நார்ச்சத்து கூடினால் எரிசக்தி குறையும். எந்த இலைத்தூளையும் 5 சதவீதத்துக்குள் நிறுத்துவதே பாதுகாப்பு.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. புரதத்தோடு யூரியாவுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏனெனில் புரதம் நைட்ரஜன் அளவை 6.25 ஆல் பெருக்கியே கணக்கிடப்படுகிறது, யூரியா கலந்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

எனக்குக் கொடுத்த ரசீதில் ‘பச்சைத் தீவனத்தூள்’ என்று மட்டுமே இருந்தது. தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லை. அதைக் காட்டியே, முருங்கை என்று தாம் விற்கவில்லை என வியாபாரி கைவிரித்துவிட்டார். ஆகவே, பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் ரசீதில் எழுதப்படாமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் முன்னிலையிலேயே ஒரு கிலோ மாதிரியைக் கட்டி, அவர் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.