லண்டனில் உலக விவகாரம் கேட்க: எல்.எஸ்.இ.யா, கிரெஷாமா?

லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் (எல்.எஸ்.இ.) என்ற பல்கலைக்கழகமும் கிரெஷாம் கல்லூரியும் மத்திய லண்டனில் ஹோல்போர்ன் பக்கம்தான், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டிலும் உரை கேட்கக் கட்டணம் இல்லை, மாணவராக இருக்க வேண்டியதும் இல்லை.

1895இல் தொடங்கிய எல்.எஸ்.இ.யின் பலம், அன்றன்றைய உலகம். போர், கடன், தேர்தல், பருவநிலை என்று எது சூடாக இருக்கிறதோ அதைப் பற்றி அமைச்சர்களும் பொருளாதார அறிஞர்களும் பேச வருவார்கள். எனக்குப் பிடித்தது கடைசியில் வரும் கேள்வி நேரம். மைக் கைமாறி வரும். பேரையும் எங்கிருந்து வருகிறோம் என்பதையும் சொல்லிவிட்டு, பெரிய பதவியில் இருப்பவரையே நேருக்கு நேர் கேட்கலாம். பிரபலமானவர் வந்தால் இடம் கிடைப்பதுதான் பாடு.

கிரெஷாம் கல்லூரி வேறு ரகம். தாமஸ் கிரெஷாம் என்ற வணிகரின் உயிலின்படி 1597இல் தொடங்கியது. பட்டம் கிடையாது, பொது உரைதான் அதன் வேலையே. ஒரே பேராசிரியர் ஒரு பொருளைத் தொடர் உரைகளாக விரித்துப் பேசுவதால், சட்டமோ வானியலோ அடித்தளத்திலிருந்து புரியும்.

இந்த வாரச் செய்தி புரிய வேண்டுமா, எல்.எஸ்.இ. போங்கள். அதன் வேர் தெரிய வேண்டுமா, கிரெஷாம். ஒன்றுதான் என்றால், அந்தக் கேள்வி நேரத்துக்காகவே எல்.எஸ்.இ.யைச் சொல்வேன். லண்டன் தூரம் என்பவர்களுக்கு இரண்டின் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.