ஸ்டோய்ச்கோவ், பலகோவ், பெனெவ்: கோச்சாகத் தேறியது யார்?

பல்கேரியக் கால்பந்தில் 1966 ஒரு மகசூல் ஆண்டு. பிப்ரவரி 8-இல் ஹ்ரிஸ்டோ ஸ்டோய்ச்கோவ், சரியாக ஏழு வாரம் கழித்து கிராசிமிர் பலகோவ், ஆகஸ்ட் கடைசியில் லுபோஸ்லாவ் பெனெவ். ஆட்டக்காரர்களாக இவர்களை ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை. 1994 உலகக் கோப்பையில் 6 கோல், அதே ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருது என்று ஸ்டோய்ச்கோவ் எங்கோ உயரத்தில் நிற்கிறார். ஆனால் மூவரும் பிறகு கோச் ஆனார்கள், தேசிய அணியையும் நடத்தினார்கள். அங்கே வரிசை தலைகீழ் என்பது என் கட்சி.

ஸ்டோய்ச்கோவின் கோபம் ஊரறிந்தது. 1990-இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில், சிவப்பு அட்டை காட்டிய நடுவரின் காலை பூட்ஸோடு மிதித்தார். தண்டனை முடிந்து வந்ததும் அவருடைய கிளப்பான பார்சிலோனாவின் ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கோல் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் செல்லும். கோச்சுக்குச் செல்லாது. 2004-இல் தேசிய அணியை ஏற்றார். 2006 உலகக் கோப்பைக்கு அணி தகுதி பெறவில்லை. அவரோடு ஒத்துப்போகாமல் கேப்டன் ஸ்டிலியன் பெட்ரோவே அணியை விட்டு விலகினார், சில மாதம் கழித்துத்தான் திரும்பினார். 2007 மார்ச்சில் சோஃபியாவில் அல்பேனியாவோடு 0-0. அடுத்த மாதம் ராஜினாமா. அப்புறம் ஸ்பெயினின் செல்டா வீகோ. அந்தப் பருவமே அது இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

பலகோவ் நேர் எதிர். அமைதியான ஆள், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் அணியில் நடுக்களத்தின் மூளை. மாற்று ஆட்டக்காரர்களும் அவர் பேச்சைக் கேட்பார்கள் என்று நம்பத் தோன்றும். ஆனால் சுவிட்சர்லாந்தின் சாங்ட் கலன் அணி 2008-இல் அவர் கையில் இருந்தபோதே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 2012 மார்ச்சில் ஜெர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்ன் அணி அழைத்தபோது அது ஏற்கெனவே பட்டியலின் அடியில் கிடந்தது, ஆகவே அது இறங்கியதை அவர் கணக்கில் எழுதுவது அநியாயம். எழுத வேண்டியது 2019 அக்டோபர் 14. அப்போது அவர் தேசிய அணியின் கோச்; சோஃபியாவில் இங்கிலாந்திடம் 0-6. கேலரியிலிருந்து கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தம்; முதல் பாதியிலேயே ஆட்டம் இரண்டு முறை நின்றது. இடைவேளையில் கேப்டன் இவெலின் போபோவ் தனியாகப் போய் சொந்த ரசிகர்களோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். கோச்சோ, தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார், பதவியும் போனது. தோல்வியை விட்டுவிடலாம், அந்த இங்கிலாந்து பலமான அணி. அந்தப் பதிலை என்னால் விட முடியவில்லை.

மிச்சம் பெனெவ். 1994-இல் மற்றவர்கள் அமெரிக்காவில் ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியபோது இவர் விரைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தார். அந்த அணியின் கோச் டிமிதர் பெனெவ், இவருடைய சொந்தக் குடும்பத்தவர். நோயிலிருந்து மீண்டு, 1995-96-இல் அட்லெடிகோ மாட்ரிட்டோடு லீக், கோப்பை இரண்டையும் வென்றார். கோச்சாக 2010-11-இல் பல்கேரியாவின் லிடெக்ஸ் லோவெச் அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2011-இல் தேசிய அணி. அடுத்த ஆண்டு செப்டம்பரில், யூரோ இறுதியாட்டம் வரை போய் இரண்டே மாதம் ஆன இத்தாலியோடு சோஃபியாவில் 2-2. நெடுநாளைக்குப் பிறகு அந்த அணியைப் பார்க்க ஆசையாக இருந்தது.

சரி, அவரும் தேறிவிடவில்லை. 2014 உலகக் கோப்பை கைநழுவியது. அந்த ஆண்டு நவம்பரில் உள்ளூரிலேயே மால்டாவோடு 1-1 ஆனதும் வேலை போனது. ஆனாலும் மூவரில் ஒருவரிடம் ஓர் அணியை ஒப்படைக்கச் சொன்னால் பெனெவிடம்தான் கொடுப்பேன். ஸ்டோய்ச்கோவை? ஃப்ரீ கிக் பயிற்சிக்கு மட்டும், அதுவும் நடுவர் இல்லாத நாளில்.