பிக்கப் டிரக்கில் கியர்பாக்ஸ் ஆயில் கூலர்: சில வருட அனுபவம்

கொலராடோவில் டென்வரிலிருந்து மேற்கே, ஐ-70 நெடுஞ்சாலையில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஐசன்ஹவர் சுரங்கப்பாதை வரை ஏறினால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எவ்வளவு சூட்டைத் தாங்குகிறது என்பது விளங்கிவிடும். சுரங்கம் இருப்பது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில். காற்று மெலிந்துவிடுவதால் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், கூலரும் திணறும்.

என்னுடையது ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் இருக்கும் சிறிய கூலர் மட்டும்தான் அதில் வந்தது. கோடையில் இந்த ஏற்றத்தில் ஆயில் சூடு 118 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பெரும்பாலான சூடு, இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில்தான் பிறக்கிறது. அது லாக் ஆகாமல் (இரு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளாமல்) வழுக்கும் நேரமெல்லாம் இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு ஆயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடும்.

அதனால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கு முன்னால் கூடுதலாக ஒரு கூலரைப் பொருத்தினேன். ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் போய், அங்கிருந்து புதிய கூலருக்கு வந்து, பிறகு கியர்பாக்ஸுக்குத் திரும்புகிறது. ரேடியேட்டரை விட்டுவிட்டு வெளிக்கூலரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 வரை இறங்கும் காலைகள் உண்டு. கெட்டிப்பட்ட ஆயிலைச் சீக்கிரம் சூடேற்றித் தருவது, இன்ஜின் சூட்டைச் சுமந்துவரும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடும் ரேடியேட்டர்தான். ரேடியேட்டர் உள்ளுக்குள் கசிந்து கூலன்ட் ஆயிலில் கலந்தால் கிளட்ச் தகடுகள் பாழாகும் என்ற அச்சம் நியாயமானதே. பழைய ரேடியேட்டரைக் காலத்தோடு மாற்றிவிடுவதே அதற்கு வழி.

கூலரை மெல்லிய உலோகத் துடுப்புகளுக்கு (fins) ஊடே பிளாஸ்டிக் பட்டை கோத்துக் கட்டாதீர்கள். அதிர்வில் பட்டை உராய்ந்து கண்டென்சர் குழாயையே அறுத்துவிடும். இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடுங்கள். ஹோஸ் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும்.

இப்போது அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, சூடு 100-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் மட்டும் மெல்ல ஏறத் தொடங்கும். காரணம் காட்டன்வுட் மரங்களின் பஞ்சு. அது கூலருக்கும் கண்டென்சருக்கும் இடையே போர்வையாக அப்பிக்கொள்ளும். முன்கிரில் வழியாகப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் சாம்பல் நிறப் படலம் கண்ணில் படும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் கொத்துக்கொத்தாக வரும். உடனே ஏழெட்டு டிகிரி குறைகிறது. இவ்வளவு பலன் தரும் செலவில்லாத வேலை இந்த வண்டியில் வேறு கிடையாது.

ஏற்றத்தில் டோ மோடு (ட்ரெய்லர் இழுப்பதற்கான கியர் அமைப்பு) போட்டு, கியரை ஒரு படி கீழே வைத்தே ஏறுகிறேன். கியர் அடிக்கடி மாறாததால் கன்வெர்ட்டர் லாக்கிலேயே நிற்கிறது.

கூடுதல் கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். பொருத்தியதும் கையேடு சொல்லும் சூட்டில் அளவைப் பார்த்து நிரப்பிய பிறகே ட்ரெய்லரை மாட்டுங்கள்.