பட அட்டையா, பேசும் செயலியா?

மூன்று வயது தாண்டியும் பேச்சு வராத ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: தனக்கு வேண்டியதைச் சொல்லப் பிள்ளைக்குப் பட அட்டை கொடுப்பதா, பேசும் செயலி கொடுப்பதா?

பட அட்டைப் பரிமாற்ற முறையை 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கினார்கள். பிஸ்கட் வேண்டுமென்றால் குழந்தை அந்தப் படத்தை எடுத்து நம் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கொடுத்தல்தான் இதன் உயிர். இன்னொருவரிடம் போனால்தான் கிடைக்கும் என்பது அங்கேதான் புரிகிறது. தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் தேவை: ஒருவர் எதிரே இருந்து அட்டையை வாங்க, மற்றவர் பின்னாலிருந்து கையைப் பிடித்து உதவ. அப்போது "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், பிள்ளை நம் கேள்விக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். செலவு குறைவு. ஆனால் சொற்கள் கூடக் கூட அட்டைகளை வைக்கும் ஆல்பம் கனத்துப்போகும்.

செயலியில் படத்தைத் தொட்டால் குரல் வரும். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் பேசும். அடுத்த அறையிலிருக்கும் பாட்டிக்கும் கேட்கும். அட்டை அவ்வளவு தூரம் எட்டாது. டேப்லெட் விலைதான் பல வீடுகளுக்குச் சுமை. அதில் யூடியூபும் இருந்தால் பிள்ளை அங்கேதான் போகும், பேசுவதற்கென்றே தனியாக ஒன்று வையுங்கள்.

ஆட்களை நாடி வராத குழந்தைக்கு நான் அட்டையில்தான் தொடங்குவேன். கையைப் பிடித்து இழுத்துக் காட்டத் தெரிந்த குழந்தைக்கு நேராகச் செயலி. இரண்டில் எதைக் கொடுத்தாலும் பேச்சு வராமல் போய்விடாது. அந்தப் பயத்தில் மாதங்களை இழக்காதீர்கள்.