மல்லி வாங்க மாட்டுத்தாவணியா, அம்மன் சந்நிதியா?

மதுரையில் மல்லி வாங்க இரண்டு வழி உண்டு. விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மொட்டாகக் கிலோக் கணக்கில் அள்ளி வரலாம். சாயங்காலம் அம்மன் சந்நிதிப் பக்கமோ சித்திரை வீதிகளிலோ கட்டின சரமாக முழம் போட்டு வாங்கலாம். மார்க்கெட்டில் மலிவு, தெருவில் கொள்ளை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி. மார்க்கெட்டில் கொடுப்பது வெறும் மொட்டின் விலை. தெருவில் கொடுப்பதில் கட்டுகூலி, நார், ராத்திரி விற்காமல் வாடிப்போகிற பூவின் நஷ்டம் எல்லாம் அடங்கியிருக்கிறது. இரண்டையும் அப்படியே நேருக்கு நேர் வைப்பது, கத்தரிக்காய் விலையையும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு விலையையும் ஒப்பிடுவது மாதிரி.

மாட்டுத்தாவணி மார்க்கெட் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தை ஒட்டியே இருப்பதால் வெளியூர்க்காரர்களும் தடுமாறாமல் போய்விடலாம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெயில் ஏறுவதற்குள் பறித்த மொட்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெரிய கமிஷன் கடைக்காரர்கள் சில்லறைக்கு அசைய மாட்டார்கள். நூறு கிராம், கால் கிலோ வேண்டுமென்றால் சின்ன வியாபாரிகளிடம்தான் போக வேண்டும். எங்கேயும் பலகையில் எழுதின நிலையான விலை கிடையாது. காலையில் ஒரு விலை, வரத்து கூடினால் ஒரு விலை, வெயில் ஏறினால் இன்னொரு விலை. சாதாரண நாளில் நேரம் போகப் போக இறங்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அன்றைக்கு நின்று பார்க்க நினைத்தால் சரக்கே தீர்ந்துவிடும். மூன்று இடத்தில் விலை கேட்காமல் பையை நீட்டாதீர்கள்.

விலையை விட மொட்டைப் பார்க்கிற கண் முக்கியம். மேலே பரப்பியிருப்பதை விட்டுவிட்டு, கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுங்கள். நல்ல மொட்டு கெட்டியாக, உருண்டையாக, பால் வெள்ளையில் லேசாகப் பச்சை தட்டினாற்போல இருக்கும். காம்பு பச்சையாக இருக்க வேண்டும். காம்பு பழுப்பேறி, மொட்டு மஞ்சளாகி, விரலில் வழுவழுவென்று ஒட்டினால் அது நேற்றைய சரக்கு. கை நனைந்தால் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எடைக்குத் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு போவது ஒரு பக்கம், அந்த ஈரத்திலேயே மொட்டு மதியத்துக்குள் பழுப்புத் தட்டிவிடும் என்பதுதான் பெரிய நஷ்டம். மல்லி தட்டுப்பாடான நாளில் காக்கரட்டான் கலப்பதும் உண்டு. அது ஒல்லியாக, நுனி கூராக, வாசமில்லாமல் இருக்கும். ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிடும்.

வாங்கின பூவை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி பஸ்ஸில் வைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு. உள்ளே வியர்த்து, சூடேறி, வீடு வந்து பிரித்தால் பாதி மொட்டு வெந்திருக்கும். துணிப்பையில் வாழை இலை விரித்து, அழுத்தாமல் கொண்டு வர வேண்டும். ஐஸ் வைத்தால் மொட்டைத் தொடாதபடி நடுவில் இலையோ தாளோ போடுங்கள்.

பிறகுதான் உண்மையான வேலை. மல்லி பொழுது சாயச் சாய அவிழும். அவிழ்ந்த பூவைக் கட்டினால் இதழ் கசங்கும். ஆகவே, மதியம் மூன்று மணிக்குள் கட்டி முடிக்க வேண்டும். கை பழகாதவர் ஒரு கிலோவை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும், பூவும் மிஞ்சும். எத்தனை முழம் தேறும் என்று தெரிய வேண்டுமா? முதலில் நூறு கிராமைக் கட்டி அளந்து, பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். கட்டுகிற நெருக்கத்தைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும்.

தெருவுக்கு வருவோம். இங்கே தராசு பூக்காரம்மாவின் கைதான். நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு முழம். குட்டைக் கை என்றால் முழமும் குட்டை. சரத்தை இழுத்துப் பிடித்து அளப்பவரும் உண்டு, தளர்த்தி அளப்பவரும் உண்டு. ஆனால் முழ நீளத்தைப் பற்றிச் சண்டை போடுவதில் பெரிய லாபமில்லை. சரத்தைத் திருப்பிப் பிடித்து முடிச்சுகளைப் பாருங்கள். முடிச்சுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நாலு மொட்டு வைத்து, முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி தெரியாமல் கட்டியிருந்தால் ஒரு முழத்தில் 40 முடிச்சு, 160 மொட்டு போல இருக்கும். இடையில் நார் பல்லிளித்தால் அதே முழத்தில் 100 மொட்டு கூட இருக்காது. பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தார் என்று சந்தோஷப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான் வாங்கி வருகிறார்கள்.

கட்டினது நாரா நூலா என்பதும் கவனிக்க வேண்டியது. நனைத்த வாழைநார் காம்பை அறுக்காது, ஈரத்தையும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். நூல் இறுகினால் காம்பில் வெட்டு விழுந்து, அந்த இடத்திலிருந்தே பழுக்க ஆரம்பிக்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லிக்கு இதழ் தடிமனும் காம்பு நீளமும் தனிச் சிறப்பு. அந்த நீளக் காம்பு இருப்பதால்தான் இவ்வளவு நெருக்கமாகக் கட்டவே முடிகிறது.

கோபுர வாசலை ஒட்டிப் பேரம் அவ்வளவாகப் படியாது. நாலு எட்டு தள்ளி, விளக்குத்தூண், நேதாஜி ரோடு பக்கம் வந்தால் "ரெண்டு முழமா எடுத்துக்கிறேங்க்கா" என்றால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். இரவு கடை கட்டும் நேரத்தில் மலிவாகக் கிடைப்பது முழுக்க அவிழ்ந்த பூ. அப்போதே தலையில் வைத்துக்கொள்ள நல்லது, மறுநாள் விசேஷத்துக்கு உதவாது.

நிலக்கோட்டைக்கே போய் வாங்கலாமே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. நல்ல மார்க்கெட்தான். ஆனால் பல கிலோ வாங்காத வரை பஸ் காசும் அரை நாளும் கைக்குக் கட்டாது.

ஆக, பத்து முழம் வரை தெருதான் சரி. கிலோவுக்கு மேல் தேவை, வீட்டில் கட்டத் தெரிந்த இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள் என்றால் மாட்டுத்தாவணி. பூ நிறைய வேண்டும், கட்ட ஆளில்லை என்பவர்கள் வழக்கமாகப் பூக்கட்டும் ஒரு அம்மாவிடம் இரண்டு நாள் முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைப்பதே உத்தமம். வளைகாப்புக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் இதுதான் கடைசியில் மலிவாக முடிகிறது. "நெருக்கக் கட்டு, நாரில்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். விசேஷம் காலையிலா மாலையிலா என்பதையும் சொல்லுங்கள். காலை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மொட்டாகவே சரத்தை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தால் அவிழ்வது தள்ளிப்போகும். ஃப்ரீசரில் வைத்தால் கண்ணாடி மாதிரி ஆகி, வெளியே எடுத்ததும் கறுத்துவிடும்.

மார்கழி, தை மாதங்களில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். பனியில் மொட்டு கருகி, வரத்து சுருங்கி, கிலோ ஆயிரங்களில் போய் நிற்கும். அப்போது மல்லிதான் வேண்டுமென்று அடம்பிடிக்காமல், கூட்டத்துக்குப் பிச்சியோ முல்லையோ கொடுத்துவிட்டு, பெண்ணின் ஜடைக்கு மட்டும் மல்லி எடுப்பவர்கள் உண்டு. மல்லிச் சரத்தில் நாலு முடிச்சுக்கு ஒரு முடிச்சு கனகாம்பரம் வைத்துக் கட்டச் சொன்னால் மல்லியும் மிச்சமாகும், சரமும் பார்க்க எடுப்பாக இருக்கும்.