8,500 ரூபா போச்சு, ஒன்லைன்ல சென்ட் வாங்கிற ஆக்கள் கவனம்

முந்தநாள் பார்சல் வந்தது, இண்டைக்குக் காலமை என்னை புளொக் பண்ணிட்டினம், அந்தக் கொதியோடதான் எழுதுறன். வாங்கேக்க என்னென்ன பார்க்கோணும் எண்டு கடைசியில சொல்றன்.

நான் தேடினது ஓல்ட் ஸ்பைஸ் ஆப்டர் ஷேவ், வெள்ளைப் போத்தல்ல கப்பல் படம் போட்ட பழசு. 2002ல வன்னிக்கு வாற ஏ9 பாதை திறந்தாப்பிறகு கனடாவில இருந்து வந்த சித்தப்பா அப்பாக்குக் குடுத்தவர். அதுக்கு முதல் பொருளாதாரத் தடைக்காலத்தில சவுக்காரத்துக்கே அலைஞ்ச வீடு எங்கட. அப்பா அதைக் கலியாணவீட்டுக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் மட்டும்தான் பூசுவார், உள்ளங்கையில நாலு சொட்டு விட்டு ரண்டு கன்னத்திலயும் பட்டுப்பட்டெண்டு அடிச்சிட்டு மிச்சத்தை என்ர கழுத்தில தடவிவிடுவார். முதல் ஸ்பிரிட் மாதிரி மூக்கில ஏறும், பிறகு கராம்பும் கறுவாவும் கலந்த மாதிரி ஒரு காரமான மணம், சேட்டைத் தோய்க்கும்வரைக்கும் கொலரில நிக்கும். 2009க்குப் பிறகு அந்தப் போத்தலும் இல்லை, அப்பாவும் இல்லை. இப்பவும் அம்மா இறைச்சிக்கறிக்கு கராம்பு தட்டினா நான் குசினிப் பக்கம் போய் நிப்பன்.

இதெல்லாத்தையும், விசரன் நான், சென்ட் விக்கிற அந்தப் பேஜுக்கு இன்பொக்ஸில அப்பிடியே எழுதிப்போட்டன். அஞ்சு நிமிசத்தில வொய்ஸ் வந்தது, "அண்ணா, எங்கட அப்பாவும் இதுதான் பூசினவர், நீங்க சொல்ற அதே கராம்பு மணம், பழைய ஸ்டொக் ஒண்டே ஒண்டுதான் கிடக்கு, உங்களுக்கெண்டு எடுத்து வைக்கிறன்" எண்டு. நான் சொன்னதையே எனக்குத் திருப்பி வித்திருக்கிறாள், அப்ப விளங்கேல்லை, கண்ணெல்லாம் கலங்கிட்டுது. சாமான் வந்தாப்பிறகு காசு தரட்டோ எண்டு கேக்க "வெளிநாட்டுச் சாமானுக்கு அப்பிடி இல்லை அண்ணா" எண்டவள். கிளிநொச்சிக்குப் போய் பாங்கில 8,500 ரூபா போட்டன். மூண்டு நாள் வேலைக்காசு.

வந்த போத்தல்ல கப்பல் ஸ்டிக்கர்ல இருக்கு. நகத்தால சுரண்ட ஒரு மூலை உரிஞ்சு வருது, கீழ ஏதோ ஷாம்பு எழுத்து. பூசினா ஸ்பிரிட், பிறகு பத்து நிமிசம் மல்லிகைப்பூ, பிறகு ஒண்டுமில்லை. அம்மா மணந்து பார்த்திட்டு "ஊசி போட முதல் பஞ்சில துடைக்கிற மணமடா தம்பி" எண்டா.

படம் எடுத்து அனுப்பினன். முதல் சொன்னது ஆளுக்காள் தோல்ல மணம் மாறுமாம். பிறகு பழைய ஸ்டொக் எண்டா மணம் இறங்குமாம். அப்ப மல்லிகை எங்கயிருந்து வந்தது எண்டு கேக்க, திறந்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லையாம், மனேஜர் கோல் எடுப்பாராம். எந்த மனேஜர்? பின்னேரம் முழுக்க போனைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன். காலமை பார்த்தா புளொக். 8,500 ரூபா!

சரி, சொல்றன் எண்டனான். முன்காசு போடாதேங்கோ. பார்சல் உடைக்கேக்க வீடியோ எடுங்கோ, நான் எடுக்கேல்லை. உங்கட வீட்டுக்கதையை விக்கிற ஆக்களுக்குச் சொல்லாதேங்கோ. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிக்கச்சொல்லி மச்சான் சொல்றான், நாளைக்கு அடிக்கப்போறன். அம்மா அந்தப் போத்தலை எறியச்சொல்லி நிக்கிறா, நான் விடேல்லை, ஸ்டிக்கரையும் மிச்சம் உரிக்காம வைச்சிருக்கிறன், ஆராவது கேட்டா காட்டோணுமெல்லே.